அன்னை மேரி பெத்தூன்: வாழ்ந்து காட்டிய விசுவாசம்

பெற்றோர் தம் மக்களுக்கு எதை விட்டுச் செல்கின்றனர்? நிலமுடையோர் நிலத்தை விட்டுச் செல்வர். பொருளுடையோர் பொருளைச் சேர்த்து வைப்பர். நிலமும் பொருளும் இல்லாதவர், தம் உடலின்மீதே தமக்கு உரிமையின்றித் தலைமுறை தலைமுறையாக விற்கவும் வாங்கவும் பட்டவர், தம் மக்களுக்கு எதை விட்டுச் செல்ல இயலும்? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் அமெரிக்க நாட்டின் மேரி மெக்லவுட் பெத்தூன் அம்மையார். எழுத்தறியாத ஒரு தாயின் கிறிஸ்தவ விசுவாசம் மகளிடம் இறங்கி, அம்மகளிடமிருந்து பல்லாயிரம் மாணாக்கரிடம் பரவிய வரலாறே அவருடைய வரலாறு. கல்விப் பணியில் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் சங்கத்தின் மலரில், அவ்வரலாற்றை நம் இளைஞர் படித்தறிவது பொருத்தமுடையதாகும்.

பருத்திக் காட்டுக் குடிசை

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள தெற்குக் கரோலினா மாநிலத்தில், மேஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே 1875 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள் மேரி பிறந்தார். சாமுவேல் மெக்லவுட், பாட்சி மெக்லவுட் என்போர் அவருடைய பெற்றோர். அவர்களுக்குப் பிறந்த 17 மக்களுள் மேரி 15 ஆவது பிள்ளை. பெற்றோர் இருவரும் அடிமைகளாய் இருந்தவர்கள். மூத்த பிள்ளைகளுள் பலரும் அடிமைகளாகவே பிறந்தவர்கள். உள்நாட்டுப் போர் முடிந்த 1865 இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்துப் பிறந்த மேரி விடுதலையின் குழந்தை.

ஆயினும் சட்டம் ஒழித்ததை வாழ்க்கை உடனே ஒழித்துவிடவில்லை. விடுதலை பெற்ற பின்னரும் பாட்சி அம்மையார் தம் பழைய முதலாளியின் வீட்டிலேயே கூலிக்கு உழைத்தார். அவ்வாறு உழைத்துச் சேர்த்த பணத்தில் குடும்பம் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கியது. அந்நிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிச் சாமுவேல் ஒரு குடிசை அமைத்தார். பிள்ளைகள் அனைவரும் பருத்திக் காட்டில் வேலை செய்தனர். சிறு வயதிலேயே மேரியும் பஞ்செடுக்கும் வேலையில் தேர்ந்தார்.

அக்குடும்பத்தில் எவருக்கும் எழுத்துத் தெரியாது. அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று தெற்குக் கரோலினா மாநிலம் 1834 இல் சட்டமே இயற்றியிருந்தது. கல்வி அவர்களுக்கு எட்டாமற் போனது தற்செயலாக நேர்ந்ததன்று, திட்டமிட்டுப் பறிக்கப்பட்டது. வீட்டில் வேதாகமம் படிக்க ஆளில்லை. எனினும் விசுவாசம் இருந்தது. சோபியா என்னும் பாட்டி, அருகில் அமர்ந்திருக்கும் ஒருவரோடு பேசுவதுபோலக் கடவுளோடு பேசுவார். நாளெல்லாம் உழைத்துக் களைத்த தாய், வீடு உறங்கிய பின் இருளில் முழந்தாளிட்டு ஜெபிப்பார். இரவில் விழித்துக்கொண்ட சிறுமி நிலவொளியில் அதைக் கண்டாள். விடுதலைக்காகவும், தலைக்கு மேலிருந்த கூரைக்காகவும், பிள்ளைகளை வளர்க்கக் கிடைத்த வலிமைக்காகவும் தாய் நன்றி செலுத்துவதைக் கேட்டாள். கேட்கச் சொல்லி எவரும் அச்சிறுமியை எழுப்பவில்லை. பிறர் காணாத வேளையிலும் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதே பிள்ளைகளின் நெஞ்சில் பதிகிறது. தம் தாய் எழுத்தறியாதவராயினும் கல்வி நிறைந்தவர் என்றே மேரி தம் முதிய வயதிலும் சொல்லிவந்தார்.

புத்தகமும் ஒரு சொல்லும்

பாட்சி அம்மையார் வெள்ளையர் வீடுகளின் துணிகளை வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஒருநாள் உடன் சென்ற மேரி, அவ்வீட்டுக் குழந்தைகள் விளையாடும் அறையில் கிடந்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அவ்வீட்டுச் சிறுமி ஒருத்தி அதைக் கீழே வைக்கச் சொல்லி, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே என்னும் பொருள்படப் பேசினாள். அச்சொல் மேரியின் நெஞ்சில் தைத்தது. தம்மவர்க்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை எழுத்திலே இருக்கிறது என்று அன்று அவளுக்குத் தோன்றியது. எவ்வாறேனும் படித்தே தீருவது என்று உறுதி கொண்டாள்.

அதற்கு வழியும் பிறந்தது. எம்மா ஜேன் வில்சன் என்னும் கறுப்பின ஆசிரியை, பிரஸ்பிட்டேரியன் சபையின் உதவியோடு மேஸ்வில்லில் நடந்த பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாக வந்தார். மெக்லவுட் குடும்பத்தில் ஒரு பிள்ளையை மட்டுமே வேலையிலிருந்து விடுவிக்க முடிந்தது. அப்பிள்ளை மேரியாக அமைந்தாள். போக ஐந்து மைல், வர ஐந்து மைல் என்று நாள்தோறும் நடந்தாள். மாலையில் வீடு திரும்பியதும் அன்று கற்றதைத் தன் உடன்பிறந்தாருக்குக் கற்றுக் கொடுத்தாள். பருத்தி எடை போடும்போது கணக்குத் தெரியாததால் ஏமாற்றப்பட்டு வந்த அண்டை அயலார்க்கு, இச்சிறுமி கணக்குப் பார்த்துச் சொல்லலானாள். கற்ற கல்வி தனக்கு மட்டும் உரியதன்று என்பதை அவ்வயதிலேயே அவள் உணர்ந்திருந்தாள்.

அப்பள்ளியில்தான் யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்துப் பதினாறாம் வசனத்தை அவள் கேட்டாள். அவ்வசனத்தில், விசுவாசிக்கிறவன் எவனோ என்று எல்லோரையும் தழுவி நிற்கும் ஒரு சொல் உண்டு. அச்சொல் நிறம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை, செல்வம் கேட்கவில்லை. பருத்திக் காட்டுக் கறுப்புச் சிறுமியாகிய தானும் அச்சொல்லுள் அடங்குவதாக மேரி கண்டுகொண்டாள். தான் எவருக்கும் தாழ்ந்தவள் அல்லள் என்னும் எண்ணம் அவளுக்கு அங்கே வேர்விட்டது. தாயின் முழந்தாளில் கண்ட விசுவாசத்துக்கு எழுத்தின் துணையும் அன்று கிடைத்தது.

முகமறியாத் தையற்காரி

மேஸ்வில் பள்ளிப் படிப்பு முடிந்தபின் மேல்வகுப்புக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, உழவுக்கு இருந்த ஒரே கோவேறு கழுதையும் செத்துப்போயிற்று. மேரி மீண்டும் காட்டு வேலைக்குத் திரும்பினாள். அவ்வேளையில், நெடுந்தொலைவிலுள்ள டென்வர் நகரில் வாழ்ந்த மேரி கிறிஸ்மன் என்னும் குவேக்கர் பெண்மணி, தாம் துணி தைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு கறுப்பினப் பிள்ளை ஒன்றைப் படிக்க வைக்க முன்வந்தார். எம்மா வில்சன் தம் மாணவியையே தேர்ந்தெடுத்தார். ஊரார் புகைவண்டி நிலையத்திற்கே வந்து அவளை வழியனுப்பினர்.

1888 முதல் 1894 வரை வடக்குக் கரோலினாவின் கான்கார்டு நகரிலுள்ள ஸ்கோஷியா கல்விக்கூடத்தில் மேரி பயின்றார். உதவித்தொகை போதாமையால் சமையற்கட்டிலும் சலவையிடத்திலும் வேலை செய்துகொண்டே படித்தார். வெள்ளை ஆசிரியரும் கறுப்பு ஆசிரியரும் அங்கே ஒன்றாகப் பணியாற்றினர். இரு நிறத்தாரும் சமமாய்ப் பழகுவது இவ்வுலகில் இயலும் என்பதை அவர் முதன்முதலாகக் கண்ணாற் கண்டது அங்கேதான்.

மூடிய கதவு

ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகச் செல்ல வேண்டும் என்பது மேரியின் வேட்கை. அதற்காகச் சிகாகோ நகரின் மூடி வேதாகமக் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். சிறைப்பட்டோரையும் சேரிகளில் வாழ்வோரையும் தேடிச் சென்று பாடியும் ஜெபித்தும் ஊழியம் செய்தார். பயிற்சி முடிந்து விண்ணப்பித்தபோது, ஆப்பிரிக்காவில் கறுப்பின மிஷனரிகளுக்கு இடமில்லை என்று அவரது சபையின் மிஷன் வாரியம் விடையளித்தது. கிறிஸ்துவின் பெயரால் இயங்கிய அமைப்பே அவரை நிறம் பார்த்து ஒதுக்கியது. தம் வாழ்வில் அடைந்த பெரிய ஏமாற்றம் அதுவே என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு.

இவ்விடத்தில் நம் இளைஞர் சற்று நின்று எண்ண வேண்டும். சபையில் உள்ளோர் செய்த அநீதியைக் கண்டு அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. அதேவேளையில் அவ்வநீதியைக் கடவுளின் சித்தமென்று ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆப்பிரிக்க மக்களுக்குச் செய்ய நினைத்த தொண்டை, அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுக்குச் செய்யலாம் என்று தம் பாதையை மாற்றிக்கொண்டார். ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் லூசி கிராஃப்ட் லேனி என்னும் கறுப்பினப் பெண்மணி நடத்திய ஹெயின்ஸ் கல்விக்கூடத்தில் 1896 இல் ஆசிரியையாகச் சேர்ந்தார். அடிமைகளாய் இருந்த பெற்றோரின் மகளாகிய லேனி அம்மையார், தனியொருவராய்ப் பெரும் பள்ளியை உருவாக்கியவர். ஒருவரின் உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தே தொழில் கற்கலாம் என்பதற்கு அவ்வாண்டு சான்றாயிற்று. ஞாயிறுதோறும் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கூட்டி மேரி ஓய்வுநாள் பள்ளி நடத்தினார்.

1898 இல் ஆல்பர்டஸ் பெத்தூன் என்பவரை அவர் மணந்தார். மறு ஆண்டு ஆல்பர்ட் என்னும் மகன் பிறந்தான். பின்னர்க் குடும்பம் புளோரிடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஒன்றரை டாலரும் ஐந்து சிறுமியரும்

புளோரிடாவின் கிழக்குக் கரையில் இருப்புப்பாதை போடும் வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர் பலர் வந்து குடியேறியிருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை என்பதறிந்து பெத்தூன் அம்மையார் டேட்டோனா நகருக்குச் சென்றார். கையிலிருந்தது ஒன்றரை டாலர். மாதம் 11 டாலர் வாடகைக்கு ஒரு சிறு வீட்டைப் பேசிக்கொண்டு, 1904 அக்டோபரில் பள்ளியைத் தொடங்கினார். மாணவியர் ஐவர், அவர்களோடு ஐந்து வயது மகன் ஆல்பர்ட்.

பலகைப் பெட்டிகளே மேசையும் நாற்காலியும் ஆயின. எரிந்த கட்டையின் கரித்துண்டுகள் எழுதுகோலாயின. காட்டுப் பழச்சாறு மையாயிற்று. மரத்தில் தொங்கும் பாசியைக் காயவைத்துச் சாக்கில் திணித்துப் படுக்கை தைத்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த பணியாரத்தையும் ஐஸ்கிரீமையும் தொழிலாளரிடம் விற்றுப் பணம் சேர்த்தனர். பிறர் எறிந்த பொருள்களைத் தேடி எடுத்துத் துலக்கிச் செப்பனிட்டுப் பயன்படுத்தினர். இவை அனைத்தையும் அம்மையார் மாணவியரை ஏவிச் செய்விக்கவில்லை. அவர்களோடு நின்று தாமும் செய்தார். கடவுள் தருவார் என்று காலையில் ஜெபித்துவிட்டு, பகலெல்லாம் கூடையைச் சுமந்து நடக்கும் ஆசிரியையை அச்சிறுமியர் கண்டனர். ஜெபமும் உழைப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்னும் பாடத்தை அவர்கள் அங்கே படித்தனர்.

இரண்டாண்டுகளுக்குள் மாணவியர் எண்ணிக்கை 250 ஆயிற்று. ஊர்க் குப்பை கொட்டும் இடம் ஒன்றை 200 டாலருக்குப் பேசி, 5 டாலர் முன்பணம் கொடுத்து, மீதியைச் சிறுகச் சிறுகக் கட்டினார். அக்குப்பைமேட்டைத் துப்புரவாக்கி 1907 இல் எழுப்பிய கட்டடத்துக்கு விசுவாசக் கூடம் எனப் பெயரிட்டார். சோப்புத் தொழிலில் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் கேம்பிள் ஒருமுறை பள்ளியைப் பார்க்க வந்து, அங்கிருந்த எளிய நிலையைக் கண்டு, பள்ளி எங்கே என வினவினார். அது தம் உள்ளத்தில் இருக்கிறது என்று அம்மையார் விடையளித்தார். கேம்பிள் அறங்காவலர் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு துணைநின்றார்.

இத்தகைய பணிக்கு விலையும் உண்டு. கணவர் 1907 இல் குடும்பத்தைப் பிரிந்து சென்றார். மகனையும் பள்ளியையும் அம்மையார் தனியே சுமந்தார். வெள்ளைச் செல்வரிடம் கையேந்துகிறார், மிகவும் மென்மையாய்ப் பேசுகிறார் என்று அவருடைய இனத்தாருள்ளேயே குறை கூறியோரும் இருந்தனர். அக்குறையை எடைபோட விரும்புவோர், பின்வரும் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பணிவும் பணியாமையும்

பள்ளி மாணவி ஒருத்திக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. வெள்ளையர் மருத்துவமனையில் வேண்டிக் கேட்டு அவளைச் சேர்த்தார். பின்னர்ப் பார்க்கச் சென்றபோது, அவள் பின்புறத் திண்ணையில் கிடத்தப்பட்டிருப்பதைக் கண்டார். அவர் உள்ளம் கொதித்தது. கறுப்பின மக்களுக்கென ஒரு மருத்துவமனையை இரண்டு படுக்கைகளோடு 1911 இல் அவரே தொடங்கினார். தம் பெற்றோர் நினைவாக அதற்கு மெக்லவுட் மருத்துவமனை என்று பெயரிட்டார்.

ஞாயிறு பிற்பகல்களில் பள்ளியில் நடந்த பொதுக்கூட்டங்களுக்கு வெள்ளையரும் வந்தனர். தென்மாநிலங்களில் நிறம் பிரித்து அமர்த்துவதே அந்நாளைய வழக்கு. அம்மையாரின் கூடத்திலோ வந்தவர் வந்த இடத்தில் அமர வேண்டும். எவர்க்கும் தனியிடம் இல்லை. பைன் மரத்துப் பாலை வடித்துக் கற்பூரத் தைலம் எடுக்கும் முகாம்களில் கொத்தடிமைபோல் வாழ்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தார்.

பெண்களுக்கு வாக்குரிமை வந்த 1920 க்குப் பின், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில் இறங்கினார். வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்றும் எழுத்தறிவு வேண்டும் என்றும் தடைகள் இருந்தன. வரிக்குப் பணம் திரட்டினார். எழுத்துக்கு இரவு வகுப்பு நடத்தினார். இதனால் சினங்கொண்ட கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை வெறிக்கூட்டம், தேர்தலுக்கு முந்திய இரவொன்றில் முகமூடி அணிந்து பள்ளியை நோக்கி அணிவகுத்து வந்தது. பள்ளியின் விளக்குகள் அனைத்தையும் ஏற்றச் சொல்லிவிட்டு, அம்மையார் வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றார். மாணவியர் ஞானப்பாட்டுப் பாடினர். வந்த கூட்டம் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போயிற்று. மறுநாள் அம்மையார் சுமார் 100 பேரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றார். அந்த இரவில் அங்கே நின்ற பெண்பிள்ளைகளுக்கு, விசுவாசம் இன்னது என்று விளக்க இன்னொரு பிரசங்கம் வேண்டியிருக்குமா?

1938 இல் பர்மிங்காம் நகரில் நடந்த மாநாடு ஒன்றில், தலைமையில் இருந்த வெள்ளைப் பெண்மணி இவரை வெறும் பெயரிட்டு மேரி என்று அழைத்தார். எவ்வளவு மூத்தவராயினும் கறுப்பினத்தவரை மரியாதைச் சொல்லின்றி அழைப்பதே தென்மாநில வழக்கம். அம்மையாருக்கு அப்போது 63 வயது. தம் பெயர் திருமதி பெத்தூன் என்பதை அவையறியத் திருத்திய பின்னரே மேடையேறினார். பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தலைநரைத்த தம் பெரியோர் ஒருமையில் அழைக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதில் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

பரவிய விளக்கு

1923 இல் ஜாக்சன்வில் நகரின் குக்மன் கல்விக்கூடத்தோடு டேட்டோனா பள்ளி இணைந்தது. 1931 முதல் அது பெத்தூன்-குக்மன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1941 இல் நான்காண்டுப் பட்டப்படிப்புக்குரிய தகுதி அடைந்தது. 2007 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1935 இல் கறுப்பினப் பெண்கள் அமைப்புகளை ஒன்றிணைத்துத் தேசியக் கழகம் ஒன்றை அம்மையார் நிறுவினார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆட்சியில், தேசிய இளைஞர் நிர்வாகத்தின் கறுப்பின இளைஞர் பிரிவுக்குத் தலைமையேற்றார். கூட்டரசின் துறைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. 1945 இல் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கச் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய மாநாட்டிலும் பங்கேற்றார். பருத்திக் காட்டில் தொடங்கிய பயணம் அவ்வளவு தூரம் சென்றது. எனினும் தம் குடியிருப்பை அவர் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 1955 மே 18 இல் அங்கேயே காலமானார். அவரது கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

மறைவதற்குச் சில காலம் முன்பு, தம் மக்களுக்கு ஓர் உயில் எழுதினார். அதில் நிலமோ நகையோ குறிப்பிடப்படவில்லை. அன்பு, நம்பிக்கை, ஒருவரையொருவர் நம்பும் துணிவு, கல்வித் தாகம், அதிகாரத்தைப் பயன்படுத்தும் பொறுப்பு, விசுவாசம், இனமானம், பிறரோடு இணங்கி வாழும் விருப்பம், இளையோர்க்கு ஆற்ற வேண்டிய கடமை ஆகிய ஒன்பதை அவர் விட்டுச் சென்றார். வெறும் அறிவுரையாக இருந்திருந்தால் அவை ஏட்டோடு நின்றிருக்கும். ஒவ்வொன்றையும் அவர் முன்னமே வாழ்ந்து செலவிட்டிருந்ததால், அவ்வுயில் செல்லுபடியாயிற்று.

வாஷிங்டன் நகரின் லிங்கன் பூங்காவில் 1974 இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதில் அவர் தம் உயிலை இரு குழந்தைகளிடம் நீட்டுகிறார். 2022 இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலைக்கூடத்தில், புளோரிடா மாநிலத்தின் சார்பாக அவருடைய சலவைக்கல் சிலை நிறுவப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் படைத்தலைவர் ஒருவரின் சிலை புளோரிடாவின் சார்பில் முன்பு அங்கிருந்தது. அதை அகற்றிவிட்டு, அடிமைகளின் மகளை அம்மாநிலம் தன் பிரதிநிதியாக அனுப்பியது.

இளைஞர்களே! உங்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். உங்கள் தாயும் பாட்டியும் கையெழுத்திட அறியாதவராய் இருக்கலாம். அதனால் அவர்கள் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து உழைத்ததும், பசித்த அயலாருக்குப் பகிர்ந்து கொடுத்ததும், இழிவு செய்தோர் முன் கூனாமல் நடந்ததும் அவர்கள் உங்களுக்கு எழுதிய உயில். பெற்றோராய் இருப்போரே! உங்கள் பிள்ளைகள் உங்கள் சொல்லை மறக்கக்கூடும். நீங்கள் வாழ்ந்ததை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மேரி பள்ளிவிட்டு வந்து தன் உடன்பிறந்தாருக்கு மாலைதோறும் எழுத்தறிவித்ததுபோல, கற்றவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு பிள்ளைக்கேனும் இவ்வாண்டு முதல் எழுத்தறிவிப்பாராக. இவ்வெள்ளி விழாவுக்கு நாம் ஏற்றும் சிறந்த விளக்கு அதுவே ஆகும்.